ஒரு மில்லிமீட்டர் மகிழ்ச்சி

பால்மரம் வெட்டுவது எளிய வேலை என்பவர்கள் அந்தக் கத்தியைப் பிடித்துப் பார்த்ததில்லை. கித்தா (ரப்பர்) மரத்தின் பால்குழாய்கள் பட்டையின் உட்புறத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன, வளர்திசுவை ஒட்டி. அந்தத் திசுவுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் முன்னால் கத்தி நின்றுவிட வேண்டும். மேலாகச் சீவினால் பால் குறையும். ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டுப் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே கத்தி ஓடாது. விடியும் நேரத்தில் குழாய்களுக்குள் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்க, அது தணியும். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ரந்தாவிலும் பகாவிலும் லாபுவிலும் தோட்ட மக்கள் இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, ஓடியதற்கு இதுவே காரணம்.

திறமைக்குச் சரியான சவால், தெளிவான இலக்கு, செய்தது சரியா தவறா என்பது உடனே தெரிவது: இவை கூடினால் மனிதர் தன்னை மறந்து செயலில் தோய்ந்துபோகிறார் என்றார் உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி. மரம் வெட்டுபவருக்கு மூன்றும் உண்டு. கத்தி நகர்ந்த கணமே பால் மங்குக்கு ஓடிவந்து விடை சொல்லிவிடுகிறது.

அப்படியானால் தோட்டத்தில் மகிழ்ச்சி பொங்கியிருக்க வேண்டுமே? சிக்சென்ட்மிஹாயியும் ஜூடித் லெஃபெவரும் 1989இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு இங்கே உதவுகிறது. ஓய்வு நேரத்தைவிட வேலையில்தான் மக்கள் அதிகம் தோய்ந்திருந்தார்கள்; ஆனாலும் வேலையை விட்டு வேறெதையாவது செய்யவே விரும்பினார்கள். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் இருவரின் கோட்பாடு இந்த முடிச்சை அவிழ்க்கிறது. திறமை மட்டும் போதாது, ‘இது என் முடிவு’ என்ற உரிமையும் சக மனிதரின் உறவும் வேண்டும். தோட்டத்தில் உறவுக்குக் குறைவில்லை. உரிமைதான் இல்லை. நிரையைப் பிரித்தவர் கங்காணி, எடையை எழுதியவர் கிராணி, மரம் துரையுடையது.

இந்தக் குறையைத் தோட்ட மக்கள் எந்த ஆய்வுக்கும் காத்திராமல் கண்டுகொண்டார்கள். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை வளர்த்த பி.பி. நாராயணனின் தொழிற்சங்க வாழ்வு 1946 வாக்கில் நெகிரி செம்பிலானில்தான் தொடங்கியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தபோது, 1960இல் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மரம் வெட்டிய கைகளே பங்குப் பணத்தைத் தவணை தவணையாகக் கட்டின. சங்கம் தோட்டங்களை விலைக்கு வாங்கியது.