நீர்நிலைக் கீரைகளின் பெயரும் அடையாளமும்: ஆரை, பொன்னாங்கண்ணி, வள்ளை

ஆய்வுச் சுருக்கம்

வயல், வாய்க்கால், குளக்கரை ஆகிய இடங்களில் தாமே வளரும் கீரைகளைத் தமிழ்ப் பெயர்கள் பெரும்பாலும் அடைமொழியால் வேறுபடுத்துகின்றன. பிற்காலத்தில் தென்னமெரிக்காவிலிருந்து வந்து பரவிய, அவற்றையொத்த செடிகளுக்கு இவ்வாறான பெயர்க் காப்பு அமையவில்லை. இவ்வேறுபாட்டையும், பூக்காத பருவத்தில் செடிகளைப் பிரித்தறியும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நீர்க்கீரை, ஆரை, பொன்னாங்கண்ணி, வள்ளை, நெய்வேலிக் காட்டாமணக்கு, பெயர் மயக்கம்

முன்னுரை

நீர்த்தாவரம் உணவாவது தமிழிலக்கியத்தில் பழைய செய்தியாகும். புறநானூற்றின் 248ஆம் பாடலில், இளமையில் தழையாடையாக உதவிய ஆம்பல், கணவனை இழந்த பின் புல்லரிசி உணவாகிறது. வேறு உணவு கிட்டாதபோது நீர்நிலையை நாடும் வழக்கம் இன்றும் முற்றிலும் மறையவில்லை. களையெடுக்கச் செல்லும் பெண்கள் வரப்பில் பறித்துவரும் கீரை அன்றைய சமையலாவது ஊர்ப்புறங்களில் இயல்பு. தாவரவியல் நூல்கள் செடியை இனங்காணப் பூவையும் காயையும் பெரிதும் சார்ந்திருக்கின்றன. கீரையோ பெரும்பாலும் பூப்பதற்கு முன்பே பறிக்கப்படுவது. எனவே, பறிப்பவருக்குத் துணையாவன இலை, தண்டு, கணு, செடி நிற்கும் நிலை ஆகியவையே.

அடைமொழியே அடையாளம்: ஆரை

நீராரை, புளியாரை, வல்லாரை ஆகிய மூன்றும் பெயரால் ஓரினம் போலத் தோன்றினும் உறவற்றவை. நீராரை (மார்சிலியா) பூவாத பெரணி வகை. புளியாரை (ஆக்சாலிஸ் கார்னிகுலேட்டா) மஞ்சள் பூப் பூப்பது. வல்லாரை (செண்டெல்லா ஏசியாட்டிகா) கொத்துமல்லியின் குடும்பத்தைச் சார்ந்தது. இலங்கைத் தமிழில் வட்டத்தின் ஆரத்தை ‘ஆரை’ என்பர். ஒரு புள்ளியிலிருந்து விரியும் இலையமைப்பே இப்பெயர்க்குக் காரணமாகலாம். நீராரையில் நான்கு சிற்றிலைகள் காம்பின் நுனியில் குறுக்குவடிவில் விரியும். அதன் இளந்தளிர் சுருண்டிருக்கும். புளியாரையில் நெஞ்சுவடிவச் சிற்றிலைகள் மூன்று; மென்றால் புளிக்கும். வல்லாரையில் சிறுநீரக வடிவில் ஒற்றை இலை. விளிம்பு அரைவட்டப் பற்களாக வெட்டுண்டிருக்கும். ஒப்புமையைப் பெயரின் பின்பகுதி சுட்ட, வேற்றுமையை முன்பகுதி காக்கிறது. வெறுமனே ‘ஆரை’ என்று சுருக்கும்போது இக்காப்பு நீங்கிவிடுகிறது.

சரியான செடியை அறிந்தாலும் பக்குவம் தனியே கருதத்தக்கது. மார்சிலியா இனத்தில் உயிர்ச்சத்து பி1ஐச் சிதைக்கும் தயாமினேசு என்னும் நொதி உண்டு. 1861இல் ஆஸ்திரேலியாவில் பர்க், வில்சு ஆகிய பயணிகள் நார்டூ என்னும் ஆரை வகையின் வித்துக்கூடுகளை உண்டுவந்தும் மெலிந்து இறந்தனர். இந்நொதியும் அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அந்நிலத்துப் பழங்குடியினரோ அதனை உரிய முறையில் பக்குவப்படுத்தி உண்டுவந்தனர்.

பொன்னாங்கண்ணியும் அதன் போலியும்

பொன்னாங்கண்ணியின் அறிவியற்பெயர் ஆல்டர்நாந்திரா செசிலிஸ். ‘செசிலிஸ்’ என்பதற்குக் காம்பின்றி அமர்ந்தது என்பது பொருள். அதன் வெண்ணிறப் பூத்திரள்கள் இலைக்கக்கத்தில் காம்பில்லாமல் ஒட்டியிருக்கும். ஆங்கிலத்தில் ‘முதலைக்களை’ எனப் பொருள்படும் பெயரால் வழங்கும் ஆல்டர்நாந்திரா பிலாக்சிராய்ட்ஸ் அதே பேரினத்தது. எதிரெதிர் இலைகளும் வெண்பூக்களும் அதற்கும் உண்டு. ஆயின் அதன் பூத்திரள் நீண்ட காம்பின் நுனியில் நிற்கும். முதிர்ந்த தண்டு பருத்து உட்குழலாக இருக்கும்.

இம்மயக்கத்திற்குச் சான்று ஆஸ்திரேலியாவில் கிடைக்கிறது. அங்குக் குடியேறிய இலங்கையர், முகுணுவென்ன (பொன்னாங்கண்ணியின் சிங்களப் பெயர்) என்று கருதி முதலைக்களையைத் தம் வீட்டுத் தோட்டங்களில் வளர்த்து உண்டது 1990களில் தெரியவந்தது. சொந்த நாட்டில் நன்கறிந்த கீரையையே அவர்கள் மாற்றிக்கொண்டனர் என்பது கருதத்தக்கது. அறியாமையைக் காட்டிலும் பழக்கமே இங்கு மயக்கத்தை விளைவித்தது எனலாம்.

வள்ளையும் நெய்வேலிக் காட்டாமணக்கும்

வள்ளைக்கீரை (ஐப்போமியா அக்குவாட்டிக்கா) உண்ணத்தக்கது. நெய்வேலிக் காட்டாமணக்கு (ஐப்போமியா கார்னியா) நச்சுடையது; அதிலுள்ள சுவைன்சோனின் என்னும் வேதிப்பொருள், தொடர்ந்து மேயும் ஆடுகளின் நரம்பு மண்டலத்தைத் தாக்குகிறது. இரண்டும் ஒரே பேரினம். ஒரே ஏரிக்கரையில் அடுத்தடுத்து வளர்பவை. இருந்தும் பின்னதன் பெயரில் வள்ளையை நினைவூட்டும் கூறு எதுவுமில்லை. ஆமணக்கின் பெயரை அது பெற்றுள்ளது. ஆரைப் பெயர்கள் ஒப்புமையை முன்கூட்டியே உணர்த்துகின்றன. இப்பெயரோ அதனை மறைத்துவிடுகிறது.

தண்டைக் கிள்ளினால் பால் வருவதைக் கொண்டு நச்சுச்செடியை அறியலாம் என்னும் கருத்து இங்குப் பயன்படாது. பால் இரண்டிலும் உண்டு. நீரில் படும் கணுக்களில் வேர்விடுவதும் பொதுவே. இலையை மட்டும் நம்புவதும் தகாது: வள்ளையிலை ஈட்டிவடிவிலிருந்து அம்புவடிவம் வரை பலவாறு மாறும், காட்டாமணக்கின் இலை நெஞ்சுவடிவில் நீள்கூர் நுனியுடன் அமையும். நம்பத்தக்கது செடி நிற்கும் நிலையே. வள்ளை நீர்மேலோ சேற்றின்மேலோ படரும். அதன் தண்டு மென்மையானது. காட்டாமணக்கு ஆளுயரத்திற்கும் மேல் நிமிர்ந்து வளரும் புதர். அதன் அடித்தண்டு கட்டையாகும். ஆகவே கொழுந்தை மட்டும் நோக்கிக் கிள்ளாமல், அதனைப் பின்தொடர்ந்து அடிவரை கண்டபின் பறித்தல் வேண்டும். பிறர் பறித்துக் கட்டிய கட்டில் இச்சோதனைக்கு வழியில்லை. பூ இருப்பின் ஐயம் குறையும்: காட்டாமணக்கின் பூ பெரியது, இளஞ்சிவப்பானது, வள்ளையின் பூ வெண்மை அல்லது வெளிர் ஊதா, உட்புறம் அடர்நிறம்.

நீரின் தன்மை

வள்ளை ஈயம், காட்மியம், பாதரசம் ஆகியவற்றை நீரிலிருந்து உறிஞ்சித் தன்னுள் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது. கிருமிகள் கொதியில் அழியும், உலோகம் அழியாது. கழிவுநீர் கலக்கும் கால்வாயில் செழித்த வள்ளை, இலை, தண்டு, பூ ஆகிய அனைத்தாலும் ஐயமற வள்ளையே என்றாலும் சமையலுக்கு விலக்கத்தக்கது.