கை எப்போது நடுங்குகிறது?

கையை நீட்டி, விரல்களை விரித்து, புறங்கையின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தால் அதன் ஓரம் மெல்ல அதிர்வதைக் காணலாம். நோய் எதுவும் இல்லாதவர்களுக்கும் இது உண்டு. நல்ல உடம்பிலேயே நொடிக்கு 8 முதல் 12 முறை வரை மிக நுண்ணிய அதிர்வு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாததால் யாரும் பொருட்படுத்துவதில்லை. தூக்கம் கெட்ட மறுநாள், பசி முற்றிய நேரம், அடுத்தடுத்துக் குடித்த காபிக்குப் பிறகு, மேடையில் மைக்கைப் பிடிக்கும்போது அது பெரிதாகித் தெரியும். காரணம் நீங்கியதும் அடங்கிவிடும்.

இப்படி எந்தக் காரணமும் சொல்ல முடியாமல் வரும் நடுக்கம்தான் ஆளை அலைக்கழிப்பது. அது பெரும்பாலும் சிறிய அடையாளங்களோடு தொடங்கும். டபராவில் காபி ஆற்றும்போது சிந்துகிறது. சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கியிலிருந்து காசோலை திரும்பி வருகிறது. ஆள் தன்னையறியாமலே பழக்கங்களை மாற்றிக்கொள்வார்: டம்ளரில் அரைவாசி ஊற்றினால் போதும் என்பார், கல்யாண வீட்டில் பரிமாற முதல் ஆளாக வாளியைத் தூக்கியவர் பந்திப் பக்கமே போகமாட்டார், நாலு பேர் இருக்கும் இடத்தில் ஒரு கையை மறுகையால் பிடித்துக்கொள்வார். குடிகாரன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம் ஒரு பக்கம். வயதானால் அப்படித்தான் என்ற சமாதானம் மறுபக்கம். மறைப்பதற்குச் செலவிடும் சாமர்த்தியத்தில் பாதி போதும், காரணத்தைக் கண்டுபிடிக்க.

ஹாலிவுட் நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் 1990இல் புளோரிடாவில் படப்பிடிப்புக்காகத் தங்கியிருந்தபோது ஒரு காலையில் இடது கைச் சுண்டுவிரல் தானாகத் துடிப்பதைக் கவனித்தார். மறு ஆண்டு, முப்பது வயதை ஒட்டி, அது பார்க்கின்சன் நோய் என்று உறுதியானது. உலகத்துக்கு அதை 1998இல்தான் சொன்னார். கேமராவுக்கு முன்னால் கையில் எதையாவது பிடித்துக்கொண்டே நடித்துச் சமாளித்த ஆண்டுகள் அவை. சுண்டுவிரல் துடித்தால் பார்க்கின்சன் என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்ட வேண்டியதில்லை. நடுக்கத்தோடு வருகிறவர்களில் பலருக்கு அந்த நோய் இருப்பதில்லை.

நரம்பியல் மருத்துவர் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது, கை எவ்வளவு நடுங்குகிறது என்பதை அல்ல. எப்போது நடுங்குகிறது என்பதை. மடியில் சும்மா கிடக்கும்போதா, நீட்டிப் பிடித்திருக்கும்போதா, ஒரு பொருளை எட்டி எடுக்கும்போதா? இந்த மூன்றில் எது என்று சொல்லத் தெரிந்தவர் பாதி வேலையை முடித்துவிட்டே மருத்துவரின் அறைக்குள் நுழைகிறார்.

சும்மா இருக்கையில் அமைதியாக இருந்து, டம்ளரைத் தூக்கும்போதும் எழுதும்போதும் இரு கைகளும் நடுங்கினால், பெரும்பாலும் அது எசென்ஷியல் ட்ரெமர் எனப்படும் வகை. பெரியவர்களிடம் பரவலாகக் காணப்படும் நடுக்கக் கோளாறுகளில் இது முன்னணியில் நிற்பது. சிலருக்குத் தலையும் 'ஆமாம்' என்றோ 'இல்லை' என்றோ ஆடும், குரல் தழுதழுக்கும். ஏறத்தாழ பாதிப் பேருக்குக் குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருக்கும். 'எங்க தாத்தாவுக்கும் இப்படித்தான் கை ஆடும்' என்ற ஒரு வரி, மருத்துவருக்கு ஒரு ஸ்கேனைவிட அதிகம் சொல்லும். சிறிது மது உள்ளே போனால் இந்த நடுக்கம் தற்காலிகமாகக் குறையும் என்பதும் உண்மை. அதுவே பொறியும்கூட: நடுக்கத்தை அடக்கக் குடிக்கத் தொடங்கியவர், பிறகு குடி நின்றால் வரும் நடுக்கத்தையும் சேர்த்துச் சம்பாதித்துக்கொள்வார். இந்த வகை உயிருக்கு ஆபத்தானதல்ல, மெதுவாகவே கூடும். ஆனால் தையல்காரர், நகைத் தொழிலாளி, பல் மருத்துவர் போன்றோருக்கு அது பிழைப்பின் பிரச்சினை. 'ஒன்றுமில்லை' என்று அவர்களை அனுப்பிவிடுவது சரியான பதிலல்ல.

பார்க்கின்சன் நோயின் நடுக்கம் இதற்கு நேர்மாறு. கை மடியில் ஓய்ந்திருக்கையில், கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவதுபோல நொடிக்கு 4 முதல் 6 முறை ஆடும். டம்ளரை எடுக்கப் போனால் அடங்கும். பெரும்பாலும் ஒரே பக்கத்தில் தொடங்கும். நடுக்கத்தைவிட முக்கியமானவை கூட வரும் அறிகுறிகள்: நடக்கும்போது ஒரு கை வீசாமல் ஒட்டிக்கொண்டிருப்பது, முகபாவம் குறைவது, எழுத எழுத எழுத்து சிறுத்துக்கொண்டே போவது. மோப்ப சக்தி மங்குவதும் மலச்சிக்கலும் பல ஆண்டுகள் முன்பே தொடங்கியிருக்கலாம். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இதை முதன்முதலாக விரிவாக விவரித்தபோது அவர் முன்னிருந்தவை ஆறு பேரின் கதைகள் மட்டுமே. அவர்களில் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. நடையையும் கையையும் கவனித்தே எழுதப்பட்ட அந்த விவரணை இன்றும் செல்லும். நம்மூரில் நடுக்குவாதம் என்பது இதைத்தான். இந்த நோயாளிகளில் கணிசமானோருக்கு நடுக்கமே வருவதில்லை என்பது கூடுதல் செய்தி.

இந்த இரண்டுக்கும் போகுமுன் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது. ஆஸ்துமாவுக்கான சால்புடமால், வலிப்புக்கான வால்ப்ரோயேட், மனநல மருந்தான லித்தியம், அளவு கூடிப்போன தைராய்டு மாத்திரை ஆகியவை கையை நடுங்க வைக்கும். பார்க்கின்சனை அப்படியே அச்சடித்ததுபோல வரவழைக்கும் மருந்துகளும் உண்டு. வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு, தலைச்சுற்றலுக்கான சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃப்ளூனரிசின் அவற்றில் சில. நெஞ்செரிச்சலுக்கும் வயிற்று உப்புசத்துக்கும் அமில மருந்தோடு கலந்து விற்கப்படும் லெவோசல்பிரைடும் இதே பட்டியலில் சேரும். 'கேஸ் மாத்திரைதானே' என்று பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடும் முதியவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கலாம். மருத்துவர் சொல்லி மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். தானாக நிறுத்துவது கூடாது; வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரும்.

தைராய்டு சுரப்பு மிகுந்தவருக்கு நடுக்கத்தோடு எடை குறையும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவரின் ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனாலும் கை நடுங்கும். அப்போது தேவை டாக்டர் அல்ல, உடனே கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர். தொழிலும் கணக்கில் வரும். பாதரச ஆவியை நீண்ட காலம் சுவாசித்தால் நடுக்கம் வரும் என்பது பழைய செய்தி. பாதரசக் கழிவு விவகாரத்தில் 2001இல் மூடப்பட்ட கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையை ஒட்டி அது இங்கேயும் பேசப்பட்டது. பூச்சிமருந்து தெளித்த அன்று தசை துடித்து, எச்சில் ஊறி, கண் மங்கினால் அது நஞ்சு ஏறியதன் அடையாளம். நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நாற்பதைத் தொடாதவருக்கு நடுக்கம் வந்தால் ஒரு நோயை அவசியம் விலக்கிப் பார்க்க வேண்டும். 1912இல் நரம்பியல் மருத்துவர் கின்னியர் வில்சன் விவரித்ததால் அவர் பெயரையே பெற்ற நோய் அது. உடலில் செம்பு வெளியேறாமல் கல்லீரலிலும் மூளையிலும் தேங்கும். கருவிழியின் ஓரத்தில் பழுப்பு வளையம் தெரியும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும் என்பதால், மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டிக்கொள்ளும் வழக்கமுள்ள குடும்பங்களில் அதற்கான வாய்ப்பு கூடுதல். காலத்தோடு கண்டுபிடித்தால் செம்பை வெளியேற்றும் மருந்தாலும் துத்தநாகத்தாலும் கட்டுப்படுத்தலாம். தவறவிட்டால் கல்லீரலும் மூளையும் கெட்டுப்போகும்.

எல்லாச் சோதனைகளும் சரியாக இருந்தும் நடுங்குகிறவர்கள் உண்டு. சட்டென்று ஒருநாள் தொடங்கி, மறுகையால் தாளம் போடச் சொன்னால் வேகம் மாறி, கவனம் திரும்பினால் ஓய்ந்து, மீண்டும் வரும் நடுக்கம் இது. மூளையின் திசுவில் சிதைவில்லை. அது இயங்கும் முறையில் பிசகு. நடிப்பு என்று வீட்டில் சொல்லுவது கொடுமை மட்டுமல்ல, தவறும்கூட. இதற்கென்றே தரப்படும் இயன்முறைப் பயிற்சியும் உளவியல் சிகிச்சையும் பலருக்குப் பலன் தருகின்றன.

எவ்வளவு சீக்கிரம் போக வேண்டும் என்பதில் மூன்று வேகங்கள் உண்டு. திடீர் நடுக்கத்தோடு முகம் கோணுவது, ஒரு பக்கம் பலமிழப்பது, பேச்சு குழறுவது, கடுங்காய்ச்சலோடு குழம்பிப் பேசுவது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் அந்த நிமிடமே 108. பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். தினமும் குடித்தவர் நிறுத்திய சில மணி நேரத்தில் நடுங்கத் தொடங்கினாலும் இதே அவசரம்தான். இரண்டு மூன்று நாளில் பிதற்றலும் வலிப்பும் வந்து உயிரைப் பறிக்கலாம், ஆகவே மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். ஒரே பக்கம் நடுங்குவது, நடையும் எழுத்தும் மாறுவது, இளவயதில் வருவது ஆகியவற்றுக்கு ஒன்றிரண்டு வாரத்துக்குள் போய்விடலாம். மற்றபடி, சாப்பாட்டையும் வேலையையும் வெளியே போவதையும் நடுக்கம் தொடத் தொடங்கிவிட்டால் அதுவே போகப் போதுமான காரணம்.

முதலில் பொது மருத்துவர் போதும். தேவையானால் அரசு மருத்துவக் கல்லூரிகளின் நரம்பியல் பிரிவுக்கு அவரே அனுப்புவார். பஸ் ஸ்டாண்டு சுவரில் விளம்பரம் ஒட்டி, லாட்ஜ் அறையில் முகாம் போட்டு, நரம்புத் தளர்ச்சிக்கு லேகியம் விற்பவர்களிடம் போன பிறகு மருத்துவரிடம் வருகிற இளைஞர்களுக்கு, பணத்தோடு மாதங்களும் போயிருக்கும். சத்து ஊசியும் பெரும்பாலும் அதே கதைதான். போகும்போது லேகியம், பஸ்பம் உட்பட எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போகலாம். நடுக்கத்தை செல்போனில் படம் பிடித்து வைப்பதும் உதவும். மருத்துவர் முன் அது பல நேரம் ஒளிந்துகொள்ளும்.

அங்கே நடக்கும் சோதனையில் மர்மம் எதுவும் இல்லை. கையை மடியில் வைக்கச் சொல்வார், நீட்டச் சொல்வார், மூக்கையும் தன் விரல்நுனியையும் மாறி மாறித் தொடச் சொல்வார், ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வார். கையைத் தாளில் ஊன்றாமல் ஒரு சுருளை வரையச் சொல்வதும் உண்டு. எசென்ஷியல் ட்ரெமர் உள்ளவரின் சுருள் அலையலையாக வரும். பார்க்கின்சன் உள்ளவருடையது நெருக்கமாகச் சுருங்கிப் போகும். தைராய்டு, சர்க்கரை, கல்லீரல் ரத்தச் சோதனைகள் வழக்கமானவை. எம்.ஆர்.ஐ. எல்லோருக்கும் தேவைப்படாது.

எசென்ஷியல் ட்ரெமருக்கு ப்ராப்ரனோலால், ப்ரிமிடோன் என்ற இரண்டு பழைய மருந்துகளே இன்னும் முதல் வரிசையில் இருக்கின்றன. ஆஸ்துமா உள்ளவருக்கு ப்ராப்ரனோலால் ஆகாது என்பதால் பக்கத்து வீட்டாரின் மாத்திரையைக் கடன் வாங்கக் கூடாது. பார்க்கின்சனுக்கு லெவோடோபா. அது நோயை நிறுத்தாது. ஆனால் நடமாட்டத்தோடு கூடிய பல ஆண்டுகளைத் தரும். மருந்துக்கு அடங்காத நடுக்கத்துக்கு, பிரான்சின் க்ரெனோபிள் நகரில் நரம்பியல் அறுவை மருத்துவர் பெனபிட் 1987இல் தொடங்கிவைத்த முறை உண்டு: மூளைக்குள் மெல்லிய மின்முனையைப் பொருத்தித் தூண்டுவது. மண்டையைத் திறக்காமல் குவிந்த ஒலி அலையால் செய்யும் சிகிச்சைக்கு அமெரிக்கா 2016இல் அனுமதி தந்தது.

முதல் தடவையிலேயே காரணம் பிடிபடாமல் போவதும் உண்டு. அது தோல்வியல்ல; சில நோய்கள் தங்களைக் காட்ட நேரம் எடுக்கும். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள். அன்று வரைந்த சுருளும் எழுதிய வரிகளும் தேதியோடு கோப்பில் இருந்தால், அடுத்த முறை ஒப்பிட வசதி. இடையில் கனமான கரண்டி, மூடியும் உறிஞ்சுகுழலும் உள்ள டம்ளர், முழங்கையை மேசையில் ஊன்றிச் சாப்பிடுவது ஆகியவை நாளைத் தள்ள உதவும். வங்கியில் மாதிரிக் கையெழுத்தைப் புதுப்பித்துக்கொள்ளலாம். கையெழுத்தே போட முடியாத நிலையில் இருப்பவர், வங்கிக்குத் தெரிந்த இருவர் சாட்சியாக, அவர்களில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க, பெருவிரல் ரேகை வைத்துப் பணம் எடுக்கவும் ரிசர்வ் வங்கியின் விதிகளில் இடமிருக்கிறது.