மெகாஹெர்ட்ஸ் கேட்ட காலமும் கடைசி எழுத்தைக் கேட்கும் காலமும்

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வாங்கப் போனவர் கேட்டது ஒரே கேள்விதான்: "எத்தனை மெகாஹெர்ட்ஸ்?" 33 என்றால் சுமார். 66 என்றால் பரவாயில்லை. பென்டியம் 133 என்றால் தெருவுக்கே செய்தி. 386, 486 காலத்துக் கேபினெட்டுகள் பலவற்றின் நெற்றியில் அந்த எண் விளக்காக எரியும். பக்கத்திலேயே 'டர்போ' என்று ஒரு பொத்தான். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பழைய விளையாட்டுகள் தலைதெறிக்க ஓடாதபடி இயந்திரத்தின் வேகத்தைக் குறைக்கத்தான் அது வைக்கப்பட்டது. எரிந்த எண்ணும் எதையும் அளந்து சொன்னதில்லை. உள்ளே ஜம்பர்களை இடம் மாற்றிச் செருகினால் விரும்பிய எண்ணை எரியவிடலாம். இது வாங்கியவர்களுக்குத் தெரிந்திருந்தால் சென்னை ரிச்சி தெருவில் பேரம் வேறு மாதிரி நடந்திருக்கும்.

ஆனாலும் அந்த எண்ணை நம்பியவர்கள் மோசம் போகவில்லை. 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். 1993இல் முதல் பென்டியம் 60, 66 என்று வந்தது. 2000 மார்ச்சில் ஏஎம்டியின் அத்லான் 1 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. இரண்டே நாளில் இன்டெல் தன் பென்டியம் 3ஐக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தியது. பத்தொன்பது வருஷத்தில் இருநூறு மடங்கு! எண் கூடினால் வேலை சீக்கிரம் முடியும் என்பது அந்த ஓட்டத்தில் பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது.

உறவு முறிந்தது பென்டியம் 4இல். எண்ணை ஏற்றுவதற்காகவே அமைக்கப்பட்ட சிப் அது. பென்டியம் 3 பத்துக் கட்டங்களில் செய்த வேலையை இது இருபது கட்டங்களாக நறுக்கியது. 2004இல் வந்த பிரெஸ்காட் வகையில் 31 கட்டங்கள். கட்டம் சிறிதானால் துடிப்பை, அதாவது மெகாஹெர்ட்ஸ் எண்ணை, கூட்டலாம். ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் நடக்கும் வேலை குறையும். வாங்குபவர் கண்ணில் பட்டது துடிப்பின் எண்ணிக்கை மட்டும். பாவம், ஏஎம்டி என்ன செய்யும்? 1.53 கிகாஹெர்ட்ஸில் ஓடிய தன் அத்லான் எக்ஸ்பிக்கு '1800+' என்று பெயர் வைத்துத்தான் கடையில் நிற்க முடிந்தது.

அதற்குள் சூடு தலைக்கேறிவிட்டது. 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4இன் வெப்பக் கணக்கு 115 வாட். 4 கிகாஹெர்ட்ஸ் சிப்பைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்த இன்டெல், 2004 அக்டோபரில் அதைக் கைவிட்டது. அதன் தலைவர் கிரெய்க் பாரெட் ஒரு மாநாட்டு மேடையில், பாதி வேடிக்கையாக, மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார்.

டெஸ்க்டாப் என்றால் பெரிய விசிறி போட்டுச் சமாளிக்கலாம். லேப்டாப்புக்கு அந்த வசதி இல்லை. அதனால் திருத்தமும் லேப்டாப்பிலிருந்தே வந்தது. இஸ்ரேலின் ஹைஃபாவில் இருந்த இன்டெல் குழு வடிவமைத்த பென்டியம் எம், 2003இல் வெளிவந்தது. 1.6 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் எம், 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடிய லேப்டாப் பென்டியம் 4களோடு சமமாக மல்லுக்கட்டியது. பேட்டரியையும் குறைவாகவே தின்றது. 2006இல் கோர் 2 டுவோ வந்தபோது பழைய ஓட்டப்பந்தயம் முடிந்தே போனது.

எண் போன இடத்தில் ஸ்டிக்கர் வந்து உட்கார்ந்தது. ஐ7 2008இல், அடுத்த வருஷம் ஐ5, பிறகு ஐ3. இன்று மகளுக்கு லேப்டாப் வாங்க வரும் அப்பா "ஐ5ஆ ஐ7ஆ?" என்றுதான் கேட்கிறார். பழைய மெகாஹெர்ட்ஸ் கேள்வியே வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது. அது எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு 2017இல் எட்டாம் தலைமுறை வந்த நேரத்தைப் பார்த்தால் போதும். ஐ7 7500யு: இரண்டு கோர், 2.7 கிகாஹெர்ட்ஸ். ஐ5 8250யு: நான்கு கோர், 1.6 கிகாஹெர்ட்ஸ். ஸ்டிக்கரிலும் எண்ணிலும் முந்தியதே உயர்வு. எல்லாக் கோரையும் வேலை வாங்கும் இடத்தில் ஜெயித்ததோ பிந்தியது.

பிறகு கோர்களை எண்ணுவதும் பயனில்லாமல் போனது. ஐ5 1235யுவில் பத்துக் கோர்; அதில் பெரியவை இரண்டு, சிறியவை எட்டு. கல்யாணச் சமையலில் தலைமைச் சமையற்காரர் இரண்டு பேர், காய் நறுக்க எட்டுப் பேர் என்ற ஏற்பாடு. பத்துப் பேரும் சாம்பாருக்குப் பதம் பார்ப்பார்கள் என்று நினைத்தால் அது நம் கோளாறு. அதே தலைமுறையின் ஐ3 1215யு, ஐ5 1235யு, ஐ5 12450எச் மூன்றுக்கும் விளம்பரத்தில் போடும் உச்ச வேகம் ஒன்றே: 4.4 கிகாஹெர்ட்ஸ். சூடேறும் வரை எட்டிப் பிடிக்கும் உயரம் அது. நீண்ட நேரம் தாக்குப்பிடிப்பதைச் சொல்வது கடைசி எழுத்து. யு என்றால் சுமார் 15 வாட், எச் என்றால் 45 வாட். மூன்றில் நின்று விளையாடுவது எட்டே கோர் கொண்ட 12450எச். பதிலுக்குப் பேட்டரி சீக்கிரம் தீரும், விசிறி இரையும்.

ஏஎம்டியும் சளைத்ததல்ல. ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு என்று அண்ணன் தம்பி போல் இரண்டு உண்டு. முதலாவது 2019இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, நான்கு கோர். இரண்டாவது ஜென் 3, ஆறு கோர். வித்தியாசம் மூன்றாம் இலக்கத்தில் ஒளிந்திருக்கிறது. கடையில் இரண்டுக்கும் ஒட்டுவது 'ரைசன் 5' என்ற ஒரே ஸ்டிக்கர். இதைத் தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

செகண்ட் ஹேண்ட் வாங்குவோருக்கு இன்னொரு பொறி. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11, ஒருசில விலக்கு தவிர, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காது. ஏழாம் தலைமுறை ஐ7க்கு வாசல் இல்லை. எட்டாம் தலைமுறை ஐ3க்கு உண்டு.

கல்லூரிப் படிப்பு, பிரவுசர், கொஞ்சம் கோடிங் என்றால் புதிய தலைமுறை ஐ3 அல்லது ரைசன் 3 போதும். மிச்சமாகும் பணத்தை 16 ஜிபி ரேமுக்குக் கொடுங்கள். பல லேப்டாப்களில் ரேமைப் போர்டோடு பற்றவைத்துவிடுவதால் பிறகு கூட்ட முடியாது. பணம் கட்டும் முன், புராசஸரின் பெயரைக் கடைசி எழுத்துவரை பில்லில் அச்சடித்துத் தரச் சொல்லுங்கள். வெறும் 'ஐ5' என்று எழுதித் தருவேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.