வாய்ப்பேச்சில் போன கமிஷன்

ரிச்சர்ட் ஸ்னைடர், சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகத்தின் முன்னாள் தலைவர். எட்கர் ப்ரான்ஃப்மன் ஜூனியர், சீகிராம் மதுபானக் குடும்பத்து வாரிசு. விலைக்கு வாங்க ஏற்ற நிறுவனத்தை இருவரும் சேர்ந்து தேடியதாகவும், கிடைத்தால் தனக்கும் பங்கு உண்டு என்று பேசிக்கொண்டதாகவும் ஸ்னைடர் சொன்னார். எழுத்தில் எதுவும் இல்லை. 2004இல் ப்ரான்ஃப்மன் குழு சுமார் 260 கோடி டாலருக்கு வார்னர் மியூசிக்கை வாங்கியது. உழைப்புக்குக் கூலி கேட்டு ஸ்னைடர் வழக்குப் போட்டார்.

2009இல் நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. சாட்சி விசாரணை வரைகூடப் போகவில்லை. அவர் சொல்வதெல்லாம் உண்மையென்றே வைத்துக்கொண்டாலும் வழக்கு நிற்காது என்பதே தீர்ப்பு.

காரணம், அந்த மாநிலச் சட்டத்தின் 5-701ஆம் பிரிவு. ஒரு தொழிலையோ கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளையோ கைமாற்ற ஆள் காட்டிவிட்டதற்கும், பேரம் பேசியதற்கும் கமிஷன் கேட்பவர் எழுத்துச் சான்று காட்ட வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் வேலைக்கேற்ற நியாயமான கூலி கொடுங்கள் என்று வேறு பெயரில் கேட்கும் வழியும் 1964 திருத்தத்தில் அடைபட்டது. வழக்கறிஞர், ஏலக்காரர், உரிமம் பெற்ற வீட்டுமனைத் தரகர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு.

கடுமையான சட்டம்தான். ஆனாலும் அதில் நியாயம் இருக்கிறது. ஆள் காட்டிவிடும் வேலை ஒரு போன் அழைப்பில் முடிந்துவிடலாம். வியாபாரம் படிந்த பிறகு, “நான்தான் சேர்த்துவைத்தேன்” என்று யாரும் வந்து நிற்கலாம். பத்திரம் இல்லாவிட்டால் எது மெய், எது பொய் என்று எப்படிப் பிரிப்பது? உண்மையாக உழைத்தவரும் இதில் சேர்ந்து அடிபடுகிறார் என்பதுதான் வேதனை.

இத்தனைக்கும் சட்டம் நீண்ட பத்திரம் கேட்கவில்லை. 1969இல் மோரிஸ் கோஹன் வழக்கில், விற்பனை ஒப்பந்தத்திலேயே தரகர் பெயரும், அவர்தான் வியாபாரத்தை முடித்துவைத்தார் என்ற குறிப்பும் இருந்தன. தொகை எழுதப்படவில்லை. நியாயமான கூலி கேட்க அதுவே போதும் என்றது அதே நீதிமன்றம்.

இந்தியாவில் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் பொதுவாகச் செல்லும். ஆனால் அதை மெய்ப்பிக்கும் சுமை கேட்பவர் தலையில்தான். எந்த ஊரில் தொழில் செய்தாலும், வாங்குபவரின் பெயரை விற்பவரிடம் சொல்வதற்கு முன், யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.