புல்லுருவியின் மேல் ஒரு புல்லுருவி

நீலகிரியின் சோலை மரங்களில், மரத்தின் இலையோடு பொருந்தாத வேறு இலையும் பூவுமாகப் புல்லுருவி தழைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிளைக்குள் வேரை இறக்கி நீரை உறிஞ்சும் ஒட்டுண்ணி அது. தென்னிந்தியக் காடுகளில் இதைவிட விந்தை ஒன்றுண்டு. அந்தப் புல்லுருவியின் மேலேயே தொற்றி வளரும் மற்றொரு புல்லுருவி! கிருமி உலகிலும் அப்படியொன்று இருக்கிறது. அதன் பெயர் டெல்டா வைரஸ்.

இது தொற்றி வாழும் 'மரக்கிளைப் புல்லுருவி' எது? கல்லீரல் அழற்சியை உண்டாக்கும் பி வைரஸ். (மஞ்சட்காமாலை எல்லாமே இதனால் வருவதன்று. அசுத்த நீரால் பரவும் ஏ, ஈ வகைகள் வேறு.) பி வைரஸ் இரத்தம் முதலிய உடல் திரவங்கள் வழியாகவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து சேய்க்கும் பரவும். பலரிடம் அறிகுறி ஏதுமின்றி ஆயுள் முழுவதும் தங்கிவிடும்.

1977-இல் இத்தாலியின் டூரின் நகரில் மரியோ ரிசெட்டோ என்ற மருத்துவர் பி நோயாளிகளின் கல்லீரல் திசுவை ஆராய்ந்தார். ஒளிரும் சாயம் பூட்டிய எதிர்ப்பொருளைத் திசுவின் மேல் விட்டுத் தக்க நிற ஒளியைப் பாய்ச்சினால், அது ஒட்டிய இடம் மட்டும் பளிச்சிடும். சில நோயாளிகளின் செல் உட்கருக்களில், பி வைரஸின் அறியப்பட்ட பகுதி எதனோடும் பொருந்தாத ஒன்று பளிச்சிட்டது. அதற்கு டெல்டா என்று பெயரிட்டார்கள். முதலில் இதுவும் பி வைரஸின் உறுப்பு என்றே எண்ணினார்கள். சிம்பன்சிகளில் நடந்த சோதனைகள் இது தனிக் கிருமி என்று 1980-இல் காட்டின. நம் இயற்பியலில் சிறு மாற்றத்தைக் குறிக்கும் எழுத்து டெல்டா. இது கல்லீரலில் செய்யும் மாற்றமோ சிறிதன்று.

இதன் மரபுப்பொருள் சுமார் 1,700 எழுத்துகள் கொண்ட வட்ட வடிவ ஆர்.என்.ஏ. மனிதரைத் தாக்கும் வைரஸ்களில் இவ்வளவு சிறியது வேறில்லை. சொந்தமாக மேலுறை செய்துகொள்ளத் தெரியாது. பி வைரஸின் உறையை இரவல் வாங்கிப் போர்த்துக்கொண்டுதான் அடுத்த செல்லுக்குப் போகிறது. பி இல்லாத உடலில் டெல்டா பரவ வழியில்லை.

இரவல் உறையில்தான் ஆபத்தே இருக்கிறது. பி வைரஸுக்கான வழக்கமான சோதனை அந்த உறைப் புரதத்தைத்தான் தேடுகிறது. 'பி இருக்கிறது' என்று விடை வரும். உள்ளே டெல்டாவும் உண்டா என்று அது சொல்லாது. போதாக்குறைக்கு, டெல்டா பெருகும்போது பி வைரஸின் அளவு பெரும்பாலும் அடங்கிவிடும். எண்ணைப் பார்த்தால் நோய் தணிந்தது போலத் தோன்றும்; கல்லீரலோ விரைந்து சுருங்கிக்கொண்டிருக்கும். பி-க்குத் தரும் மாத்திரைகளும் டெல்டாவைக் கட்டுப்படுத்துவதில்லை.

ஆகவே தனியாகத் தேட வேண்டும். முதலில் இரத்தத்தில் டெல்டாவுக்கான எதிர்ப்பொருள் உண்டா என்று பார்ப்பார்கள். கிருமி போன பின்னும் எதிர்ப்பொருள் எஞ்சியிருக்கலாம் என்பதால், அது இருப்பவர்களிடம் ஆர்.என்.ஏ.யையே பெருக்கிப் பார்ப்பது இரண்டாம் படி.

எத்தனை பேருக்கு இருக்கிறது? பி வைரஸ் நிலைத்தவர்களில் ஏறத்தாழ 5 சதவீதம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மங்கோலியாவில் பாதிக்கு மேல். இந்திய ஆய்வுகள் பலவற்றில் குறைவு. ஆனால் சதவீதம் என்றால் பகுதியில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இரத்ததானம் செய்ய வந்தவர்களிடையே எண்ணினால் ஒரு விடை. கல்லீரல் கெட்டு மருத்துவமனையில் படுத்திருப்பவர்களிடையே எண்ணினால் வேறு விடை. சோதிக்கப்படாதவர் எந்தக் கணக்கிலும் இல்லை.

குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிலையம் தொடங்கியதிலிருந்து தடுப்பூசி என்பது இம்மலைக்குப் பழகிய சொல். டெல்டாவுக்கென்று தனித் தடுப்பூசி இல்லை. பி-க்கான ஊசியே இரண்டையும் தடுக்கும். இந்தியக் குழந்தைகளுக்கு அது 2011-இல் நாடு முழுவதும் விரிவாக்கப்பட்டது. அதற்கு முன் பிறந்த பெரியவர்களில் பலர் அதைப் போட்டுக்கொண்டதில்லை.

கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர் சோதனைக்கு வருவதென்றால் ஒரு நாள் கூலி போகும். 'இன்னொரு சோதனை, மறுபடி வாருங்கள்' என்றால் எத்தனை பேர் வருவார்கள்? 2024-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த முறை இதற்கு வழி சொல்கிறது. பி இருப்பதாக விடை வந்ததும், முதலில் எடுத்த அதே இரத்தத்திலேயே டெல்டாவையும் பார்த்துவிடுவது. எதிர்ப்பொருள் உறுதியான புரதம், ஆர்.என்.ஏ. எளிதில் சிதைவது. ஆய்வகம் தொலைவில் இருந்தால், அந்தக் குழாய் மலைப்பாதையில் குளிர்ப்பெட்டிக்குள் பயணம் செய்ய வேண்டும்.