பத்துக் காசுக்குள் ஒரு நத்தை

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பூசைச் சாமான் கடைக்காரரிடம் சோழி கேட்டுப் பாருங்கள். தாயம் ஆட, பிரசன்னம் பார்க்க, திருஷ்டிக்கு வாசலில் கட்ட என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. உள்ளங்கையில் கொட்டினால் அது ஒரு கடல் நத்தையின் கூடு என்றே தோன்றாது, அத்தனை வழவழப்பு.

அந்த மெருகு யாரும் ஏற்றியதல்ல. உயிரோடிருக்கும்போது சோழி தன் உடலின் மெல்லிய மடலை இரு பக்கமும் வெளியே விரித்து, ஓட்டின் முதுகையே போர்த்திக்கொள்ளும். மணல் உராயவோ பாசி படியவோ இடமில்லை; பளபளக்கும் மேற்பூச்சும் அந்த மடல் சுரப்பதுதான். மற்ற நத்தைகள் வீட்டுக்குள் இருக்கும். இது வீட்டையே உடுத்தி மறைக்கும். குஞ்சாக இருக்கையில் இதற்கும் சாதாரணச் சுருள் கூடுதான். வளர்ந்ததும் வாய் விளிம்பு உட்புறம் மடங்கிப் பல்பல்லாக வரி விழும், சுருளும் மூடிப்போகும். அதன்பின் ஓடு நீளாது; தடிக்க மட்டும் செய்யும்.

மஞ்சள் சாயலும் புடைத்த ஓரமும் இருந்தால் அது காசுச்சோழி. 1758-இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் வைத்த பெயரிலேயே காசு இருக்கிறது: ‘மொனேட்டா’. முதுகில் ஆரஞ்சு வளையம் இருந்தால் அது பங்காளி இனம். இரண்டும் பவளப்பாறைக் கடலில் வாழ்பவை. கிள்ளான் கரையில் தேடிப் பயனில்லை. அங்கே சேறும் அலையாத்திக் காடும்தான். அந்தச் சேற்றின் நத்தை வேறு: வால் நறுக்கித் தேங்காய்ப்பாலில் சமைத்து உறிஞ்சித் தின்னும் ‘சீப்புட் செடுட்’.

தமிழில் சோழிக்குப் பலகறை, கவடி என்றும் பெயர். பத்துமலைக் காவடிக்கும் இந்தக் கவடிக்கும் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம்; உறவு ஏதும் கிடையாது.

காசாக இதன் தாய்வீடு மாலத்தீவு. 1343-இல் அங்கு போன பயணி இப்னு பதூதா, 4,00,000 சோழிக்கு ஒரு பொற்காசு என்று எழுதினார். வங்காளத்தார் அரிசி கொடுத்து வாங்கிப்போனார்கள். பிறகு மேற்கு ஆப்பிரிக்கா சென்ற இப்னு பதூதா, அங்கே 1,150 சோழிக்கே ஒரு பொற்காசு கிடைப்பதைக் கண்டார். இந்த லாபக் கணக்கை ஐரோப்பிய வணிகர்கள் பின்னாளில் நன்றாகவே படித்துக்கொண்டார்கள். கப்பல் கப்பலாகச் சோழி ஆப்பிரிக்கக் கரையில் இறங்கியது, ஏறியவர்கள் அடிமைகள். திருஷ்டி கழிக்கத் தொங்கவிடும் பொருளுக்கு இப்படியும் ஒரு கதை.

சீனர்கள் இன்னும் பழைய காலத்திலேயே இதை மதிப்புப் பொருளாகப் போற்றினார்கள். சீனப் புத்தாண்டில் பேரங்காடிகளெல்லாம் தொங்கவிடும் ‘கோங் ஸீ ஃபா சாய்’ வாழ்த்தின் கடைசி எழுத்துக்குச் செல்வம் என்று பொருள். அதன் இடப்பாதி, சோழியைக் குறிக்கும் எழுத்து.

பல்லாங்குழிக்கு உறவான மலாய்க்காரர்களின் சொங்காக் விளையாட்டிலும் குழிகளில் சோழி போடுவதுண்டு. 1989-இல் வந்த பத்துக் காசின் பின்புறம் அந்தச் சொங்காக் பலகைதான். 2012-இல் வந்த புதுக் காசில் அது இல்லை. பழையது ஒன்று இன்னும் சில்லறையோடு கிடக்கலாம், புரட்டிப் பாருங்கள்.