கடற்கரையில் உலோகம் தேடும் கருவி: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

கடலோர ஊர்களில் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் சிலர் அண்மைக் காலமாக ஒரு விஷயம் கேட்கிறார்கள். வெளிநாட்டில் வேலையில் இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கி வரட்டுமா என்கிறார்களாம். காலை நடையோடு பொழுதும் போகும், மணலில் கிடக்கும் காசும் கிடைக்கும் என்பது அவர்கள் எண்ணம். எதை வாங்கச் சொல்வது?

பருப்பும் புளியும் விற்கும் நமக்கு இது புதுச் சரக்கு. ஆனாலும் ஃபுளோரிடாவில் பிள்ளைகள் வீட்டில் தங்கியிருந்த நாட்களில் நாமும் இந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு கடற்கரையில் நடந்திருக்கிறோம். அந்த அளவில் தெரிந்ததைச் சொல்கிறோம்.

கருவியின் அடியில் ஒரு வட்டத் தட்டு, அதற்குள் செம்புக் கம்பிச் சுருள். அதில் மின்சாரம் ஓடும்போது காந்தப் புலம் மண்ணுக்குள் இறங்குகிறது. அங்கே உலோகம் இருந்தால் அது பதில் கொடுக்கிறது, நமக்குக் காதில் ஒலி கேட்கிறது. வயலிலும் தோட்டத்திலும் இது ஒழுங்காக நடக்கும். கடற்கரையில் கெடுப்பது உப்பு. உப்பு நீரில் மின்சாரம் பாயும் என்பதால், ஈர மணல் முழுவதுமே ஒரு மெல்லிய உலோகத் தகடு போலக் கருவிக்குத் தோன்றிவிடும். ஒன்றும் இல்லாத இடத்திலும் கத்திக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, மணவாளக்குறிச்சிப் பக்கம் இருப்பதுபோல் கருமணல் கலந்த கரை என்றால் அதிலுள்ள இரும்புத் தாதும் சேர்ந்து குழப்பும்.

ஆகையால் விலையைக் கேட்பதற்கு முன், எந்த இடத்தில் நடக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். அலை எட்டாத காய்ந்த மணல் மட்டும் போதும் என்றால், ஒரே அதிர்வெண்ணில் வேலை செய்யும் சாதாரணக் கருவியே தாராளம். ஈர மணலில் இறங்குபவர்களுக்குப் பல அதிர்வெண்களை ஒரே நேரத்தில் அனுப்பும் கருவி வேண்டும். உப்பு ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் எப்படிப் பதில் தருகிறது என்று ஒப்பிட்டு, அதைக் கழித்துவிட்டு உலோகத்தை மட்டும் சொல்லும். ஆஸ்திரேலியாவின் மைன்லேப் கம்பெனி 1991லேயே இந்த முறையில் கருவி கொண்டுவந்தது. 2018இல் வந்த அவர்களுடைய எக்வினாக்ஸ் இதைச் சாதாரண ஆட்களும் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தது. நம் கணக்கில் கடற்கரைக்குப் பொருத்தமான வகை இதுதான்.

பல்ஸ் இண்டக்ஷன் என்று மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. உப்பையும் கருமணலையும் சட்டை செய்யாது, ஆழமும் போகும். ஆனால் துருப்பிடித்த ஆணிக்கும் மோதிரத்துக்கும் இதற்கு அவ்வளவாக வித்தியாசம் தெரியாது. நாள் முழுக்க ஆணி தோண்டப் பொறுமை உள்ளவர்கள் வாங்கலாம்.

எந்த ரகமானாலும் ஒன்றை மறக்கக் கூடாது. சின்னத் தங்க மோதிரமும் சோடா டின் மூடியின் அலுமினிய வளையமும் பெரும்பாலும் ஒரே எண்ணைத்தான் காட்டும். குப்பை வேண்டாம் என்று அலுமினியத்தை ஒதுக்கும்படி வைத்தால் தங்கமும் சேர்ந்தே ஒதுங்கிவிடும். தோண்டித்தான் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை. நாணயம் அளவுள்ள பொருள் முக்கால் அடி ஆழத்தில் கிடைத்தாலே நல்ல கருவி.

'வாட்டர் புரூஃப்' என்ற வார்த்தையையும் உரசிப் பார்க்க வேண்டும். பல கருவிகளில் அடித்தட்டு மட்டுமே நனையலாம், மேலே உள்ள பெட்டியில் ஓர் அலை அடித்தால் முடிந்தது. எக்வினாக்ஸ் 800 மூன்று மீட்டர் வரை தாங்கும். முழுக்குப் போடுபவர்களுக்கான எக்ஸ்காலிபர் அறுபது மீட்டர் வரை தாங்கும். உதிரிப் பாகமும் பழுது பார்க்க ஆளும் உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளவும். அமெரிக்காவில் பெயர்பெற்ற ஒயிட்ஸ் கம்பெனி 2020இல் மூடப்பட்டது. அதன் பழைய கருவி மலிவாகக் கிடைத்தால் இதையும் யோசிக்க வேண்டும்.

புயலுக்கு மறுநாள்தான் அறுவடை. அலை மேல் மணலை அரித்துக்கொண்டு போக, கனமான பொருள் அடியில் தங்கும், அரிசி களையும்போது கல் தங்குவதைப்போல. 1715 ஜூலையில் ஸ்பெயின் நாட்டுக் கப்பல்கள் பதினொன்று ஃபுளோரிடாக் கரையருகே புயலில் மூழ்கின. அந்த வெள்ளிக் காசுகள் அங்கே கரையில் ஒதுங்குவதுண்டு. கிப் வாக்னர் என்பவர் போரில் பயன்பட்ட பழைய கண்ணிவெடிக் கருவியை வைத்துத் தேடியே அந்தக் கப்பல்களின் தடத்தைப் பிடித்தார். நமக்கு அங்கே கிடைத்தது சில்லறைக் காசும் ஈயக் குண்டுகளும்தான்.

இனி முக்கியமான எச்சரிக்கை. 'நூறு மீட்டருக்கு அப்பாலிருந்தே தங்கத்தைக் காட்டும்' என்று சொல்லி ஆண்டெனா வைத்த கருவிகளை விற்கிறார்கள். நமக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர் கைமுதலில் ஒன்றரை லட்சத்தை இதில் போட்டு இழந்தார். சரக்குக் கொள்முதலுக்கு வைத்திருந்த பணம் அது. வெட்கப்பட்டுப் புகாரும் கொடுக்கவில்லை. இப்படித்தான் இங்கிலாந்தில் ஒருவர் கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுச் சாமானைப் போன்ற வெற்றுக் கருவியை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று ஈராக்குக்கே விற்றார். 2013இல் அவருக்குப் பத்து ஆண்டு சிறை கிடைத்தது. அரசாங்கமே ஏமாறுகிறது என்றால் தனி ஆள் எம்மாத்திரம்? விற்பவர் முன்னிலையில் ஒரு மோதிரத்தை ஈர மணலில் அரை அடி ஆழத்தில், அவர் அறியாத இடத்தில் புதைத்துத் தேடச் சொல்லுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நம் நாட்டுச் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. மாமல்லபுரம் போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் உள்ள இடத்தில் தோண்ட நினைக்கவே கூடாது. நேற்று யாரோ தவறவிட்ட மோதிரம் என்று தெரிந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்வதே நல்லது.

கருவியோடு ஓட்டை போட்ட மணல் அள்ளும் கரண்டி ஒன்றும், காதில் மாட்டும் ஹெட்போனும் கட்டாயம் வேண்டும். அலை இரைச்சலில் மெல்லிய ஒலி கேட்காது. வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, நிழலில் காய வைக்கவும்.